நோரா மச்சாளின் தகப்பன்

பாரிஸில் இறங்கிய அன்று எனக்குக் கிடைத்த முதற் சாப்பாடு புட்டும் உருளைக்கிழங்குப் பிரட்டலும். சமைத்தவர் என் அண்ணனின் மனைவி நோரா. அயர்லாந்துக்காரி. வயது எண்பதைத் தொடுகிறது. லா கூர்னெவில் பதினோராம் மாடியில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் அவரை மச்சாள் என்றுதான் அழைப்பேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாரும் தம்பி. அண்ணர் போய் ஒரு மாதமாகப் போகுது. நீர் இப்பத்தான் வாறீர்."

"விசா பிந்திப்போச்சு மச்சாள்."

"உமக்கு எல்லாம் பிந்தித்தான். காலைக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடும்."

அண்ணனின் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்தில் அவர் கோட் போட்டிருந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் கணக்கியல் படிக்க லண்டனுக்குப் போய், சோதனையில் ஒருமுறையும் தேறாமல், அங்கே தாதியாக வேலை செய்த நோராவைக் கல்யாணம் செய்துகொண்டு, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான குப்பிழானுக்குத் திரும்பி வந்தவர் அவர். அதற்குள் அப்பா இறந்துபோயிருந்தார். அண்ணன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செம்மண்ணில் இறங்கினார். வெங்காயம், புகையிலை, பிறகு உருளைக்கிழங்கு. தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தத் தோட்டத்தை விட்டு எழும்பிய இருவரும் கொழும்பில் கொஞ்சக் காலம் இருந்து, பாரிஸில் மகள் யசோவிடம் வந்து சேர்ந்தார்கள். யுத்தம் முடிந்து ஐந்து ஆண்டுகளாகியும் அண்ணன் ஒருமுறை கூடத் திரும்பி வந்து பார்க்கவில்லை.

லா கூர்னெவ் வீட்டு யன்னலால் பார்த்தால் ஒரே மாதிரியான உயரக் கட்டடங்களும், அவற்றுக்கு அப்பால் பண்டகசாலைகளின் தகரக் கூரைகளும் தெரிகின்றன. கோண்டாவிலில் என் வீட்டு யன்னலால் பார்த்தால் பக்கத்து வளவு வாழைகள். இங்கே எதிர்க் கட்டடத்தில் ஒரு மனிதர் பல் துலக்குவது தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்தார். கையை அசைத்தேன். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டார்.

நான் வந்தது அண்ணனின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு. இன்னொரு வேலையும் இருந்தது. கல்வெட்டு எழுத வேண்டும். கல்வெட்டு என்றால் தமிழ்நாட்டு நண்பர்கள் கோயிற் சுவரைத் தேடுவார்கள். எங்கள் பக்கத்தில் அது, செத்தவருடைய வம்சத்தையும் வாழ்க்கையையும் அச்சடித்து, அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஊரில் யார் செத்தாலும் கல்வெட்டுக்கு என்னைத்தான் தேடி வருவார்கள். கோபக்காரனைக் கண்டிப்பானவர் என்றும், கஞ்சனைச் சிக்கனத்தின் உறைவிடம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

"நான் ஒரு நகல் எழுதி வைச்சிருக்கிறன் சித்தப்பா," என்றாள் யசோ. "நீங்கள் என்ரை கலியாணத்துக்கு எழுதித் தந்த குறிப்பிலை இருந்துதான் எடுத்தனான். நீங்கள் திருத்தினால் போதும்."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் மச்சாளோடு லா சப்பலுக்குப் போனேன். மரக்கறி வாங்கவேண்டும். அந்தியேட்டி முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி இல்லை. தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் மெட்ரோ ஓடுகிறது, கீழே எங்கள் ஆட்கள். பூக்கடை, புடவைக்கடை, நகைக்கடை, வடை பொரிக்கும் மணம். யாழ்ப்பாணம் பெரியகடையில் கூட ஒரே இடத்தில் இத்தனை முருங்கைக்காயை நான் கண்டதில்லை. விலையைக் கேட்டு அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, முருங்கைக்காய் ஆசையை விட்டுவிட்டேன்.

ஒரு கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன், வெள்ளைக்கார மூதாட்டியைக் கண்டதும் பிரெஞ்சில் மரியாதையாக ஏதோ கேட்டான்.

"தம்பி, உந்தக் கத்தரிக்காய் முத்தல். உள்ளுக்கை இருந்து வேறை எடும்," என்றார் மச்சாள்.

பையன் வாயைத் திறந்தபடி நின்றான். கல்லாவில் இருந்த முதலாளி சத்தம் போட்டார். "டேய், அவ எங்கடை குப்பிழான் அக்கா! பிரெஞ்சிலை கதைச்சியெண்டால் அவவுக்கு விளங்காது!"

உண்மைதான். இத்தனை வருடத்தில் மச்சாளுக்கு வணக்கமும் நன்றியும்தான் பிரெஞ்சில் வரும். பக்கத்தில் நின்ற தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், சுற்றுலா வந்தவர் போல, கையில் கமெராவோடு நெருங்கி வந்தார்.

"அம்மா, சூப்பரா தமிழ் பேசுறீங்களே! எங்க கத்துக்கிட்டீங்க?"

"குப்பிழானிலை."

"அது எங்கங்க இருக்கு? கோயம்புத்தூர் பக்கமா?"

"கோயம்புத்தூருக்குக் கொஞ்சம் தெற்காலை," என்றார் மச்சாள் சிரிக்காமல். கமெராக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார்.

உருளைக்கிழங்குப் பெட்டிக்கு முன்னால் மச்சாள் குனிந்தார். ஒன்றை எடுத்து நகத்தால் தோலைச் சுரண்டி மணந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"'ஜட்ஜின்ரை மகளுக்குக் கிழங்கைப் பற்றி என்ன தெரியும்' எண்டு உம்மடை மாமனார் கேட்டவர். ஞாபகமோ?"

நான் தெருவில் போன பஸ்ஸைப் பார்த்தேன்.

இனி ஒளித்துப் பயனில்லை. நோராவைக் கல்யாணம் செய்துவிட்டதாக லண்டனிலிருந்து அண்ணன் எழுதியபோது, எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் தகப்பன் கோண்டாவிலில் பெயர்பெற்ற பிரக்கிராசி, அந்தக் காலத்து வக்கீல். வெள்ளைக்காரி என்ற செய்தி அவருக்கு எட்டிவிட்டது. "வெள்ளையெண்டால் என்ன வெள்ளை? ஆற்றை மகள்?" என்று, யாருடைய மகள் என்பதை அறியத் தரகரிடம் கேட்டு அனுப்பினார். அண்ணனின் கடிதத்தில் உண்மை இருந்தது. நோராவின் தகப்பன் அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிழங்குத் தோட்டம் செய்கிறவர், பன்றியும் வளர்க்கிறவர். எங்கள் வீட்டில் முட்டை கூட நுழையாது. கறுப்புக் கோட்டுக்காரரை மடக்க ஜட்ஜைத் தவிர வேறு ஆள் எனக்கு அன்று தோன்றவில்லை. "இங்கிலீஸ் ஜட்ஜ் ஒருவரின் மகள்" என்று சொல்லி அனுப்பினேன். நோரா கப்பலில் ஏறுமுன்பே அந்தச் செய்தி குப்பிழானையும் கோண்டாவிலையும் சுற்றி வந்துவிட்டது.

என் கல்யாணத்தன்று மாமனார் நோராவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, ஆங்கிலத்தில், "உங்கள் தந்தையார் எப்படிப்பட்ட நீதிபதி?" என்று கேட்டார். நான் மாலையும் வியர்வையுமாக மணவறையில் இருந்தேன். நோரா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ தெரியாது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அவருக்கு முன்னால் யாரும் பொய் சொல்ல முடியாது," என்றார்.

மாமனார் மகிழ்ந்துபோனார். நான் தாலி கட்டினேன்.

மூன்றாம் நாள் தனியாக ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவுக்குப் போனேன். அங்கேதான் அச்சகம். கல்யாணக் கார்டு, பூப்புனித நீராட்டு அழைப்பிதழ், கல்வெட்டு எல்லாம் ஒரே மேசையில் பிறக்கின்றன. முதலாளி என்னை விடப் பத்துப் பதினைந்து வயது இளையவர், காதில் பென்சில் செருகியிருந்தார். யசோவின் நகலை வாங்கி உரத்து வாசித்தார். அண்ணனின் பாட்டன், பூட்டன் எல்லாரும் ஒழுங்காக வந்தார்கள். பிறகு நிறுத்தினார்.

"ஐயா, 'புகழ்பூத்த ஆங்கிலேய நீதிபதியின் புத்திரி' எண்டு கிடக்கு. நீதிபதிக்குப் பேர் இல்லையோ?"

"இருக்கும்."

"இருக்கும் எண்டால்? எங்கடை ஆக்கள் முதல் பாக்கிறது அதைத்தானே. சாப்பாட்டைத் தொட முந்தி ஆற்றை ஆர் எண்டுதான் பாப்பினம். பேரைக் கொண்டுவாங்கோ, ரெண்டு நாளிலை அடிச்சுத் தாறன்." வாசல் வரை வந்து வழியும் சொன்னார். "எல்லா இடமும் நிண்டு போற றெயினோ எண்டு பாத்து ஏறுங்கோ, ஐயா."

நான் பார்க்கவில்லை. கார் து நோர் ரயில் நிலையத்தில் கூட்டம் ஏறிய பெட்டியில் நானும் ஏறினேன். ரயில் எடுத்த வேகம் சரியாகப் படவில்லை. பக்கத்தில் விமான நிலையச் சீருடையோடு நின்ற தமிழர் ஒருவரிடம், "தம்பி, லா கூர்னெவ் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

அவர் யன்னலால் கையைக் காட்டினார். "அந்தா போகுது ஐயா."

ஒரு மேடை, ஒரு பெயர்ப்பலகை, ஒரு குடை எல்லாம் சேர்ந்து பின்னால் ஓடின.

"இது நேரை எயாப்போட். பயப்பிடாதேங்கோ, இறங்கித் திருப்பி ஏத்திவிடுறன். நீங்கள் எவ்விடம்?"

"குப்பிழான். கலியாணம் முடிச்சது கோண்டாவில்."

"குப்பிழானிலை ஆற்றை ஆக்கள்?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவருடைய தாயின் பெரியம்மா குப்பிழானில் கல்யாணம் முடித்தவராம். விமான நிலையம் வருமுன்பே நான் அவருக்கு ஒரு முறையில் மாமாவாகிவிட்டேன். திரும்புகிற ரயிலில் ஏற்றிவிட்டு, "மாமா, இனி நித்திரை கொள்ளாதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ரயில் எல்லா இடத்திலும் நின்றது. எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. யாழ்ப்பாணத்து மனிதன் எந்த நாட்டு ரயிலில் ஏறினாலும் முதற் கேள்வி இதுதான். ஆற்றை ஆள்? மச்சாள் குப்பிழானில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். யாராவது அவரிடம் இதைக் கேட்டார்களா? நான் அறிய இல்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை. அவர் ஜட்ஜின் மகள். அம்மா அவரைத் தோட்டத்துக்குள் இறங்க விடவில்லை. "துரை வீட்டுப் பிள்ளை வெயிலிலை நிக்கிறதோ?" என்று விறாந்தையில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தா. கிழங்கு கிண்டும் காலத்தில் கூலிப் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வரிசையாகப் போவதை, கிழங்குத் தோட்டத்தில் பிறந்தவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஒருநாள் தந்தி வந்தது. நோராவின் தகப்பன் இறந்துவிட்டார்.

செத்தவீடு கடலுக்கு அப்பால் என்றாலும் எங்கள் ஊர் துக்கம் விசாரிக்காமல் இராது. நான் பத்திரிகையில் அறிவித்தல் போட்டேன். பொய்யைப் பத்திரிகை வரை கொண்டுபோனவன் நான்தான். மாமனார் காரில் வந்தார். ஊர்ப் பெண்கள் பாயில் இருந்து, "ஜட்ஜ் ஐயா போயிட்டாராம், எத்தினை வழக்குத் தீர்த்த மனுசன்," என்று மச்சாளின் கையைப் பிடித்து அழுதார்கள். பிறந்தே இராத ஒரு மனிதருக்காக வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். மச்சாள் அழவில்லை. பிறகு அழுதாரா என்பதும் எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிழங்கு கிண்டும் பெண்களோடு தோட்டத்துக்குள் இறங்கினார். தகப்பனைப் பறிகொடுத்தவள் என்று அம்மாவும் தடுக்கவில்லை. அன்றிலிருந்து இடப்பெயர்வு வரை அவர் அந்தத் தோட்டத்தை விட்டு ஏறவே இல்லை.

லா கூர்னெவ் வந்தது. இந்த முறை சரியாக இறங்கினேன்.

நாலாம் நாள் பின்னேரம் மச்சாள் குசினியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். மேசையின் மறுபக்கத்தில் பேத்தி மீரா புத்தகங்களைப் பரப்பியிருந்தாள். சென் தெனியில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அம்மம்மாவோடு மட்டும் தமிழ். அம்மம்மாவுக்குப் பிரெஞ்சு வராதே.

"மச்சாள், கல்வெட்டிலை உங்கடை தகப்பன்ரை பேர் போடவேணும்," என்றேன். "பேர் என்ன?"

கத்தி நிற்கவில்லை. "ஆர், அந்த ஜட்ஜோ? அவர் உம்மடை ஆளெல்லே. அவற்றை பேர் எனக்கெப்பிடித் தெரியும்?"

மீரா நிமிர்ந்தாள். "என்ன அம்மம்மா, பகிடியோ?"

"தாத்தாவைக் கேள்."

பிரிஜ்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தரகர், மாமனார், பத்திரிகை, பன்றி, எதையும் விடவில்லை. மீராவுக்கு விளங்காத சொற்களை மச்சாள் இடையிடையே விளங்கப்படுத்தினார். என் குற்றத்தை அவரே மொழிபெயர்க்க நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மீரா புத்தகத்தை மூடினாள். பிறகு, "நான் தேடினனான் தாத்தா," என்றாள். "அயர்லாந்து தனி நாடாகினாப் பிறகு அங்கை இங்கிலீஸ் ஜட்ஜ் எப்பிடி? அம்மம்மா பிறந்தது அதுக்குப் பிறகுதானே. எனக்குத் தேடத் தெரியேல்லையாக்கும் எண்டு நினைச்சன். வகுப்பிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், எங்கடை பூட்டன் ஜட்ஜ் எண்டு."

"கிழங்குக்காரன் எண்டு தெரிஞ்சிருந்தால் என்ன படிச்சிருப்பாய்?" என்று கேட்டார் மச்சாள்.

"தெரியேல்லை."

"அப்ப இதையே படி." கிழங்கைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, கலியாணத்துக்குப் பொய் சொன்னது எனக்குப் பெரிய கோவமில்லை. எங்கடை ஊரிலையும் சொல்லுறவைதான், இல்லாத மாட்டையும் சேத்து. ஆனா ஏன் ஜட்ஜ்? டொக்டர் எண்டு சொல்லியிருக்கலாம். கப்பல் கப்டன் எண்டு சொல்லியிருக்கலாம்."

எனக்கு விளங்கவில்லை.

"எங்கடை அப்பரின்ரை தகப்பன் பேர் பீட்டர். குத்தகைக் காணியிலை இருந்தவர். குத்தகை கட்டேல்லை எண்டு ஒரு இங்கிலீஸ் ஜட்ஜ் கையெழுத்து வைச்சு, பொலிசு வந்து அவையைக் காணியாலை எழுப்பினவை. சாமானை ரோட்டிலை எறிஞ்சு, திருப்பி வராமல் இருக்கக் கூரையையும் பிடுங்கினவை. அப்பர் அப்ப பிறக்கேல்லை. எண்டாலும் அந்தக் கதை எங்கடை வீட்டிலை ஒவ்வொரு நாளும் நடந்தது. அந்தக் காணியை அப்பர் திரும்ப எடுக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த ஜட்ஜின்ரை பேரும் எனக்குத் தெரியும். உமக்கு ஜட்ஜின்ரை பேர்தான் வேணுமெண்டால் சொல்லும், அதைத் தாறன்."

நான் சரித்திரம் படிப்பித்தவன். இங்கிலாந்துச் சரித்திரத்தில் அயர்லாந்து எங்களுக்கு ஒரு பந்தி. அந்தப் பந்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே காலத்தில், எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்த பெண்ணை, அவளுடைய குடும்பத்தைத் தெருவில் விட்டவனின் மகளாக்கி வைத்திருந்தேன். அந்தப் பெயரோடுதான் ஊர் அவளுக்கு மரியாதை செய்தது.

"ஏன் மச்சாள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"கமலா இருந்தவ."

கமலா என் மனைவி. இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனாள்.

"'அக்கா, உங்கடை அப்பாவும் எங்கடை அப்பாவும் சந்திச்சால் கோட்டு வழக்குக் கதைதான் கதைப்பினம், என்ன?' எண்டு கேட்டுச் சிரிப்பா. அந்தப் பிள்ளைக்கு முன்னாலை உம்மைப் பொய்யன் ஆக்க எனக்கு மனம் வரேல்லை. பிறகு அதுவே பழகிப்போச்சு."

"நான் செய்தது பிழை மச்சாள்," என்றேன். 

"சரி. இப்ப ஒழுங்காக் கேளும்."

"பேரைக் கேட்டனான்தானே."

"அப்பிடியில்லை. ஊரிலை கேக்கிற மாதிரிக் கேளும்."

எனக்கு விளங்கியது.  "நீங்கள் ஆற்றை பெட்டை?"

மச்சாள் கத்தியைக் கீழே வைத்தார். "கே லெஷ் ஹூ," என்றார். "எங்கடை ஐரிஷ் பாசையிலை இதே கேள்விதான். ஆற்றை பிள்ளை நீ எண்டு. ரோட்டாலை போனால் கிழவியள் மறிச்சு இதைத்தான் கேப்பினம். குப்பிழானுக்கு வந்த புதுசிலை, கிணத்தடியிலை பொம்பிளையள் ஆற்றை ஆற்றை எண்டு கேக்கிறதைக் கேட்டிட்டு, உம்மடை அண்ணரிட்டை அர்த்தம் கேட்டனான். சொன்னார். அட, இது எங்கடை ஊர்தான் எண்டு நினைச்சன். என்னட்டையும் கேப்பினம் எண்டு பதிலைத் தமிழிலை பாடமாக்கி வைச்சிருந்தனான். ஒருத்தரும் கேக்கேல்லை. நீர் முந்திச் சொல்லிப்போட்டீர்."

"அந்தப் பதில் என்ன அம்மம்மா?" என்று மீரா கேட்டாள்.

மச்சாள் நிமிர்ந்து இருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பது போல ஒரே மூச்சில் சொன்னார். "நான் மார்ட்டின்ரை நோரா. மார்ட்டின் பீட்டரின்ரை. பீட்டர் கொல்மனின்ரை."

அடுத்த நாள் அச்சகத்துக்கு மீராவும் என்னோடு வந்தாள். முதலில் ஆளுக்கொரு வடை சாப்பிட்டோம். நான் திருத்தி எழுதிய பக்கத்தை முதலாளி வாசித்தார். "'அயர்லாந்து மேற்குக் கரையின் நிலக்கிழார், கொல்மன் வழிவந்த பீட்டரின் புதல்வர் மார்ட்டின் அவர்களின் புத்திரி.' இப்பத்தான் வடிவாயிருக்கு."

"நிலக்கிழார் எண்டால் என்ன?" என்று மீரா கேட்டாள்.

"காணிபூமி கூட உள்ளவர் தங்கச்சி. பெரிய ஆள்."

மீரா என்னைப் பார்த்தாள். "தாத்தா!"

"கல்வெட்டிலை அப்பிடித்தான் எழுதுறது பிள்ளை," என்றேன்.

"ஐயாவுக்குப் பழக்கதோசம்," என்று சிரித்தார் முதலாளி. காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். நிலக்கிழாரை வெட்டிவிட்டு, தோட்டம் செய்தவர் என்று எழுதினேன். மீரா போதாது என்றாள். கிழங்குத் தோட்டம் செய்தவர் என்று எழுதினேன். பன்றியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டி. கிரியைகள் முடிந்து லா கூர்னெவில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. ஐயர் இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்தபடி மந்திரம் சொல்லி முடித்திருந்தார். ஊரிலும் இப்போது அப்படித்தான். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். வாசலில் யசோ ஒவ்வொருவர் கையிலும் கல்வெட்டைக் கொடுத்தாள். அச்சகக்காரர் சொன்னது சரி. முக்கால்வாசிப் பேர் சாப்பாட்டைத் தொடுமுன் வம்சத்தைத்தான் புரட்டினார்கள். சிலர் என்னையும் மச்சாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாமனார் வழிச் சொந்தக்காரர் ஒருவர், "மாஸ்டர், அப்ப அந்த ஜட்ஜ்?" என்றார். "அது நான் சொன்ன பொய்," என்றேன். அவர் பாயாசம் எடுக்கப் போய்விட்டார்.

மண்டபத்தின் கடைசி வரிசையில் பூரணம் இருந்தா. குப்பிழானில் எங்கள் தோட்டத்துக்குக் கிழங்கு கிண்ட வந்தவ, இப்போது பாரிஸில் மகனோடு இருக்கிறா. கண்ணுக்குக் கிட்டப் பிடித்து அந்தப் பக்கத்தை முழுவதும் வாசித்தா. மூடினா. கதிரைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து, மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்து, துக்கம் விசாரிக்கிற மாதிரி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

"நோராக்கா, உங்கடை அப்பர் தவறிப்போனதுக்கு நான் வந்தனான். ஜட்ஜ் ஐயா, ஜட்ஜ் ஐயா எண்டு சொல்லி அழுதுபோட்டுப் போனனான். அது பிழையான ஆள் போலை."

"ஓம் பூரணம். பிழையான ஆள்."

"அப்ப இப்ப சொல்லுங்கோ. என்ன வருத்தம் வந்து போனவர்?"

"நெஞ்சு. கிழங்கு கிண்டேக்கை தோட்டத்துக்குள்ளையே விழுந்திட்டார்."

"கிடந்து உத்தரிக்கேல்லை. புண்ணியவான்." பூரணத்தின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "கிழங்கு மட்டுமோ போட்டவர்?"

நான் எதிர்க் கதிரையில் இருந்தேன். மச்சாள் என்னை ஒருமுறை பார்த்தார். மணவறையில் பார்த்த அதே பார்வை. இந்த முறை நான் முகத்தைத் திருப்பவில்லை.

"பன்றியும் வளத்தவர்," என்றார்.

 பக்கத்து மேசையில், வாழையிலையிலிருந்து எடுத்த வடையோடு ஒருவர் கை அப்படியே நின்றது. பூரணம் யோசித்தா.

"எத்தினை?"

"ரெண்டு."

"அவர் திடீரெண்டு போயிட்டார். அதுகளை ஆர் பாத்தது பிறகு?"

 மச்சாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பூரணம் கையை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி பாத்தவன்," என்று தொடங்கினார். "சின்னப் பெடியன், அவனுக்கு ஒண்டும் தெரியாது..."

மீரா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். இன்னும் இரண்டு பெண்கள் எழுந்து வந்து சுற்றி இருந்தார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி எடுத்துவரப் போனேன். தட்டோடு திரும்பி வந்தபோது மச்சாள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ ஒருத்தி, "அப்ப தாய் ஆற்றை மகள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தா.